ஏழில் நிறுத்தாதே

டிப்போவின் தொலைந்த பொருள் அறையில்
ஒரு வருடமாய் யாரும் கேட்டு வராத கிட்டார்.
குடைகளுக்கும் ஒற்றைக் கையுறைகளுக்கும் நடுவிலிருந்து
கையெழுத்துப் போட்டு எடுத்து வந்தேன்.
கழுத்தில் பச்சை நகப்பூச்சால் புள்ளிகள்:
மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது.
யாரோ ஒருத்தி
இதுவரை வந்துவிட்டு இறங்கிப் போயிருக்கிறாள்.

இருபது மெட்டு இருக்கிறது கழுத்தில்.
ஒரு மெட்டும் வரவில்லை எனக்கு.

இரண்டு இரண்டு ஒன்று
இரண்டு இரண்டு இரண்டு ஒன்று.
மேஜர் ஸ்கேலுக்கு இவ்வளவுதான் சட்டம் என்கிறது புத்தகம்.
பியோத்ர்கோவ்ஸ்கா தெருவைக் குறுக்கே கடக்குமுன்
சிவப்பு விளக்கில் நிற்கையில்
தொடையில் தட்டிப் பார்க்கிறேன்.
கண்ணாடிக்குப் பின்னால் நிற்பவர்
ட்ராம் ஓட்டுகிறவளுக்கு நரம்புக் கோளாறு என்று நினைக்கலாம்.
நினைக்கட்டும்.
பனி. விடிய இன்னும் இரண்டு மணி நேரம்.

முதல் வடிவத்துக்கு நவம்பர் முழுதும் போனது.
ஆறாம் தந்தி, மூன்றாம் மெட்டு, நடுவிரல்.
அங்கிருந்து மேலே, அப்படியே கீழே.
விரலுக்குத் தெரிந்துவிட்டது; காது இன்னும் தூங்குகிறது.
இரண்டாம் தந்திக்குத் தாவும்போது மட்டும்
எல்லாம் ஒரு மெட்டு விலகிக்கொள்ளும்.
மற்றத் தந்திகள் தங்களுக்குள்
ஐந்து ஐந்து மெட்டு என்று பேசி வைத்திருக்க
இந்த இரண்டுக்கும் நடுவில் மட்டும் நான்கு.
தண்டவாளம் பிரிகிற இடம் மாதிரி.
தெரிந்தவளுக்கு ஒரு குலுக்கல்,
தெரியாதவளுக்குத் தடம்புரளல்.

அடுத்த வடிவம் இதன் தோளில் தொடங்குகிறது,
அதன் தோளில் இன்னொன்று.
ஐந்தும் சேர்ந்தால் கழுத்து முழுவதும் ஒரே ஊராம்.
எனக்கு ஐந்து தனித்தனி நிறுத்தங்கள்.
வூச் நகரத்தில் பத்தொன்பது வருடம் வண்டி ஓட்டுகிறேன்,
தடம் இல்லாத தெருவில் என்னை இறக்கிவிட்டால்
வீட்டுக்கு வழி கேட்பேன்.

ஜனவரியில் ஒரு ராத்திரி
மூன்றாம் வடிவத்தில் ஏறிக்கொண்டிருந்தேன்.
ஏழாவது சுரத்தில் விரல் எரிந்தது.
கிட்டாரைச் சுவரில் சாய்த்துவிட்டு
தேநீருக்குத் தண்ணீர் வைத்தேன்.

கீழ்வீட்டு லுதோமிர்
வெப்பக் குழாயில் கரண்டியால் அடித்தார்.
"சரி சரி, நிறுத்திவிட்டேன்!" என்று கத்தினேன்.
மறுபடி அடி. தரை வழியாகக் குரல்:
"நிறுத்தியதுதான் தொல்லை!
ஒரு காலைத் தூக்கிக்கொண்டு எவ்வளவு நேரம் நிற்பது?
முடித்துத் தொலை, போகுமிவா!"

முடித்தேன். எட்டாவது, ஜி.
அவர் இன்னொரு தடவை குழாயைத் தட்டினார்,
இந்தத் தடவை சண்டையாக இல்லை.
குழாய் பாடியது ஜி இல்லை.
ஒரு முடி உயரம்.

ஆறாம் தந்தி, நான்காம் மெட்டு: அது.
பச்சைப் புள்ளி இல்லாத இடம்.
முதல் வடிவத்தை அப்படியே தூக்கி
ஒரு மெட்டு தள்ளி வைத்தேன்.
ஒரு துளி சிந்தவில்லை.
பிறகு குழாயின் அந்த ஒற்றைச் சுரத்தைத்
தந்தி தந்தியாகத் தேடினேன்.
நான்காம் தந்தியில் ஆறு.
மூன்றாம் தந்தியில் கழுத்தின் நுனியில், ஒன்று.
ஐந்தாம் தந்தியில் பதினொன்று.
இரண்டாம் தந்தியில் ஒன்பது;
அங்கே மட்டும் பச்சை நகப்பூச்சு எனக்காகக் காத்திருந்தது.
ஒவ்வொரு தடவையும் கீழிருந்து ஒரு தட்டல், ஆமாம் என்று.
கெட்டில் கொதித்து ஆறிப்போனது.
ஒரு சுரத்தின் ஐந்து விலாசங்கள் கையில் இருக்க
நடுவில் உள்ள தெருக்கள் தாமே வந்தன.

இப்போதெல்லாம் சில ராத்திரி
வேண்டுமென்றே ஏழில் நிறுத்துகிறேன்.
கரண்டி எடுக்க அவருக்கு நான்கு வினாடி.

ஏப்ரலில் சூட்டை நிறுத்திவிட்டார்கள்.
ஏறினேன், நிறுத்தினேன், குழாய் ஒலித்தது.
பொருந்தவில்லை.
நான்காம் மெட்டும் இல்லை, ஐந்தாவதும் இல்லை,
இரண்டுக்கும் நடுவில், கட்டை இல்லாத வெற்றிடத்தில் எங்கோ.
எந்த வடிவத்தைத் தூக்கிக்கொண்டு போனாலும்
அங்கே வைக்க இடமில்லை.

நாலரைக்கு வண்டி எடுக்க வேண்டும்.
நான்காம் மெட்டில் விரலை அழுத்தி
தந்தியைப் பக்கவாட்டில் தள்ளினேன்,
இன்னும் கொஞ்சம்,
இன்னும்.